நோயில்லாத நோயாளி!

அயர்லாந்தில், 1869ல் பிறந்தவர், மேரி மலோன். சிறு வயதிலேயே அமெரிக்கா போய், பணக்கார வீடுகளில் சமையல் வேலை செய்தார். பீச் பழ ஐஸ்கிரீம் செய்வதில் கெட்டிக்காரர்!

ஆய்ஸ்டர் பே என்ற ஊரில், 1906ல் அவர் சமைத்த வீட்டில், 11 பேரில், ஆறு பேருக்கு டைபாய்டு காய்ச்சல் வந்தது. ஜார்ஜ் சோப்பர் என்ற பொறியாளர் துப்பறிந்தார். மேரி முன்பு வேலை பார்த்த வீடுகளிலும் இதே கதை! மலம், ரத்தம் சோதிக்க வேண்டும் என்று கேட்டவரை, பெரிய முள்கரண்டியுடன் விரட்டினார் மேரி. நன்றாக இருப்பவரை நோயாளி என்றால், கோபம் வராதா?

போலீசார், 1907ல் அவரைப் பிடித்துச் சென்றனர். சோதனையில், டைபாய்டு கிருமி இருப்பது தெரிந்தது. காய்ச்சல் குணமான பின்னும், சிலரது பித்தப்பையில் கிருமி தங்கி, மலத்தோடு வெளியேறிக் கொண்டே இருக்கும். காய்ச்சல் வந்ததே தெரியாதவர்களுக்கும் இப்படி நேரலாம். கையைச் சரியாகக் கழுவாமல் சமைத்தால், உணவில் கலந்து விடும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஐஸ்கிரீமில் சாகாதே!

நியூயார்க் அருகே, நார்த் பிரதர் தீவில் அடைக்கப்பட்டார் மேரி. 163 முறை சோதித்ததில், 120 முறை கிருமி இருந்தது. அவரே வேறு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியபோது, இல்லை என்று வந்தது. பிறகு எப்படி நம்புவார்?

இனி சமைப்பதில்லை என்று உறுதி அளித்து, 1910ல் விடுதலையானார். துணி வெளுக்கும் வேலையில் கூலி குறைவு. பெயரை மாற்றி, மீண்டும் சமைக்கப் போனார். 1915ல், அவர் சமைத்த பெண்கள் மருத்துவமனையில், 25 பேருக்குக் காய்ச்சல், இருவர் இறந்தனர்.

மறுபடியும் அதே தீவு. 1938ல் இறக்கும் வரை, 23 ஆண்டுகள் அங்கேயே இருந்தார். அவரைப் போலவே கிருமியைச் சுமந்த நூற்றுக்கணக்கானோர், நியூயார்க்கில் சுதந்திரமாக நடமாடிக் கொண்டிருந்தனர்.