நம் ஊர் தந்த மகாகனம் சாஸ்திரியார்

பங்கின் ஜூபிலி மலரில் ஒரு புரோகிதர் வீட்டுப் பிள்ளையின் சரித்திரம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார் பெயரின் முன்னால் நிற்கும் ‘வி’ நம் வலங்கைமான்தான். அதுமட்டுமல்ல, இரவு ஜெபத்தில் ஆத்தும சோதனை செய்யும் நமக்கு அவர் வாழ்வு அந்நியமாகப் படாது.

1869 செப்டம்பர் 22-ல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். கும்பகோணத்தில் படித்து, மாயவரத்தில் வாத்தியாராகி, பிறகு திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியரானார். 1907-ல் அந்த வேலையை விட்டுவிட்டு, கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சொற்ப ஊதியத்துக்குச் சேர்ந்தார். 1915-ல் கோகலே மறைந்தபின் சங்கத்தின் தலைமை இவரிடம் வந்தது.

சோதனை 1919-ல் வந்தது. ரௌலட் மசோதாவை வைஸ்ராயின் சட்டசபையிலேயே எதிர்த்து முழங்கினார், தேசமே பாராட்டிற்று. ஆனால் காந்தியடிகள் சத்தியாக்கிரகம் அறிவித்தபோது இவர் சேரவில்லை. சட்டத்தை மீறும்படி ஜனங்களை அழைத்தால் கலகம் மூளும் என அஞ்சினார். கைதட்டியவர்களே கோழை என்றார்கள், வெள்ளையனுக்கு வேண்டியவர் என்றார்கள். ஊர் ஏசுகிறதென்று கொள்கையை மாற்றவுமில்லை, தன் கொள்கையே சத்தியமென்று மறுதரப்பாரைத் தூஷிக்கவுமில்லை. அவர் கணிப்பு சரியா, தவறா என்பது வேறு விஷயம். என் அபிப்பிராயத்தில் காந்தியடிகளின் வழியே வென்றது.

எனக்கு மிகவும் பிடித்த சங்கதி இனிமேல்தான் வருகிறது. காந்தியடிகளின் சுயசரிதையுடைய ஆங்கில மொழிபெயர்ப்பை, பின்னொரு பதிப்புக்காக ஒரு பெரியவர் வரிவரியாகத் திருத்திக் கொடுத்தார். தம் பெயரை எக்காரணம் கொண்டும் வெளியிடக்கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. 1940-ல் வந்த பதிப்பின் முன்னுரையிலும் பெயரில்லை. அவர் சாஸ்திரியார்தான் என்பது பிற்பாடு தெரிந்தது. தாம் ஏற்காத பாதையில் நடந்தவரின் புத்தகத்துக்கு இப்படி உழைத்தார்!

1927-ல் இந்திய அரசின் முதல் ஏஜெண்டாகத் தென்னாப்பிரிக்கா சென்றார். கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய தமிழர் சந்ததிகளின் படிப்புக்காக டர்பனில் எழுந்த கல்லூரிக்கு அவர் பெயரே இடப்பட்டது. 1928-ல் ‘சர்’ பட்டம் வந்தபோது வேண்டாமென்றார்.

1946 ஜனவரியில் சென்னை ஆஸ்பத்திரியில் நோயுற்றுக் கிடந்தவரைத் தேடி காந்தியடிகள் வந்தார். சாஸ்திரியார் அவரைவிடப் பத்தே நாள் மூத்தவர். காந்தியடிகளோ தமையனாகவே பாவித்தார். அந்த ஏப்ரல் 17-ல் சாஸ்திரியார் காலமானார்.