பிடி அரிசியும் பள்ளிக்கூடத்துச் சோறும்



மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். விடுதி மெஸ் சாம்பாரைப் பற்றி எப்படியும் நாலு பேர் எழுதிவிடுவார்கள். நான் இந்தக் கல்லூரி வாசலை மிதிக்கக் காரணமான ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவரை நேரில் ஒருநாளும் பார்த்தது கிடையாது.

எனக்கு ஊர் கிளியனூர். அப்பாவுக்கு மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் அளமெல்லாம் தண்ணீர், வேலை நின்றுபோகும். மழை ஓய்ந்து மறுபடி பாத்தி கட்டுகிற வரைக்கும் கடன்தான் சாப்பாடு. என் அக்கா எனக்கு எட்டு வயது மூத்தவள். இரண்டாம் வகுப்போடு நின்று ஆடு மேய்க்கப் போனாள். நான் பட்டம் வாங்கினேன். அறிவில் அவள்தான் கெட்டி, சந்தேகமே இல்லை. நடுவில் நடந்தது ஒன்றே ஒன்று: 1956இல் காமராசர் மதிய உணவைக் கொண்டுவந்தார்.

அவர் 1903 ஜூலை 15இல் விருதுபட்டியில், அதாவது இன்றைய விருதுநகரில், குமாரசாமி, சிவகாமி தம்பதியருக்குப் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பா போய்விட்டார். படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. மாமாவின் துணிக்கடையில் வேலைக்கு உட்கார்ந்தார். அவர் படித்த சத்திரிய வித்யாசாலை எப்படி நடந்தது தெரியுமா? ஊரில் வீட்டுக்கு வீடு தினம் ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பார்கள். அதைச் சேர்த்து விற்றுப் பள்ளிச் செலவைப் பார்த்தார்கள். அரிசிக்கும் படிப்புக்கும் உள்ள உறவை அவர் அங்கேதான் கற்றிருப்பார் என்பது என் எண்ணம்.

எங்க பக்கத்து ஆட்களுக்குப் பிடித்த சங்கதி இன்னொன்று. அவர் முதன்முதலில் ஜெயிலுக்குப் போனதே உப்புக்காகத்தான். 1930இல் வேதாரண்யம் உப்பு சத்தியாக்கிரகத்தில் தண்டனை பெற்று அலிப்புரம் சிறையில் இருந்தார். பிற்பாடு கட்சித் தலைமை, மீண்டும் மீண்டும் சிறை. அதெல்லாம் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

1954 ஏப்ரலில் முதலமைச்சரானார். ஊர் ஊராகப் பள்ளி திறந்தாயிற்று, சம்பளமும் வேண்டாம் என்றாயிற்று. ஆனாலும் பிள்ளைகள் மாட்டுக்குப் பின்னால்தான் போனார்கள். வயிறு காய்ந்த பிள்ளைக்கு ஆனா ஆவன்னா எப்படி ஏறும்? பணம் எங்கே என்று கேட்டவர்கள் உண்டு. அவரோ கல்வித்துறை இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலுவைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஊராரிடமே கேட்டார். நெல் கொடுத்தார்கள், விறகு கொடுத்தார்கள், பாத்திரம் கொடுத்தார்கள். பிறகு அரசும் செலவில் பங்கு போட்டது. விருதுபட்டிப் பிடி அரிசி தமிழ்நாடு முழுக்க வந்துவிட்டது! உலக உணவுத் திட்டம் என்று ஐ.நா. அமைப்பு ஒன்று இருக்கிறதே, 2020இல் நோபல் அமைதிப் பரிசு வாங்கியது, அது தோன்றியதே 1961இல்தான்.

குறையே இல்லாத திட்டம் என்று சொல்லமாட்டேன். எல்லாப் பிள்ளைக்கும் சோறு கிடையாது, ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். வாத்தியார் வகுப்பில் பெயர் வாசிப்பார். என் பெயர் வரும்போது தலை குனிந்திருக்கிறேன். எங்களுக்குச் 'சோத்துப் பசங்க' என்று பட்டம் வேறு. ஊரில் அரிசி சேராத நாட்களில் அடுப்பே எரியாது. தட்டைத் தூக்கிக்கொண்டு சும்மா திரும்பியிருக்கிறோம். அப்புறம் அமெரிக்க கேர் நிறுவனத்தின் சோள ரவையும் பால் பவுடரும் வந்தன. அந்த மஞ்சள் உப்புமாவின் வாசனை இப்போதும் மூக்கில் நிற்கிறது. மழை மாதங்களில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியை இலையில் மடித்து அக்காவுக்குக் கொண்டுபோவேன். பள்ளிக்கூடத்தில் அவள் பெற்றது அது ஒன்றுதான்.

1963இல் தாமாகவே பதவியை விட்டார். இரண்டு பிரதமர்கள் வர முன்னின்றவர். 1967இல் சொந்த ஊரிலேயே தோற்றார். கல்யாணம் கிடையாது, சொந்த வீடும் கிடையாது. சென்னையில் வாடகை வீட்டில்தான் வாழ்ந்தார். பள்ளிச் சோறு 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாகப் பெருகியது. பின்னாளில் முட்டை சேர்ந்தது. 2022இல் காலைச் சிற்றுண்டியும் வந்தது. உலகில் 2023இல் ஏறத்தாழ 73 கோடிப் பேர் பசியோடு இருந்ததாக ஐ.நா. அமைப்புகள் கணக்கிட்டிருக்கின்றன. அதைப் படித்தபோது பெயர் வாசிக்கும் அந்த வகுப்பறைதான் கண்ணில் வந்தது.

1975 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி. அவர் இறந்துபோனதை ரேடியோவில் கேட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தது. சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், நாளையிலிருந்து பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சோறு போடுவார்களா என்று கேட்டது. அக்காவின் மூத்த மகன் அப்போது ஒன்றாம் வகுப்பு. போடுவார்கள் என்று சொல்லிவிட்டேன். எனக்கும் அப்போது உறுதியாகத் தெரியாது.