அபினை எதிர்த்து நின்ற டாக்டர் வூ லியன் தே

பீடோங்கிலிருந்து சரக்கு எடுக்கப் பினாங்கு சென்று வரும் நம் வணிகர்களில் சூலியா தெருவை அறியாதார் இலர். அத்தெருவில் 1904-ம் ஆண்டின் இறுதியில் வைத்தியம் தொடங்கிய டாக்டர் வூ லியன் தேயின் வரலாறு, வியாபாரிகளாகிய நாம் அறிய வேண்டியதாகும்.

1879-ம் ஆண்டு மார்ச்சு 10-ந் தேதி பினாங்கில் ஒரு பொற்கொல்லரின் மகனாக அன்னார் பிறந்தார். பினாங்கு பிரீ ஸ்கூலில் பயின்று, அரசியார் பெயரால் அளிக்கப்பட்ட உபகாரச் சம்பளம் பெற்று, 1896-ல் கேம்பிரிட்ஜ் சென்று மருத்துவம் கற்றார். 1903-ல் மலாயா திரும்பினார்.

அந்நாளில் ரிக்ஷா இழுப்போரும் ஈயச் சுரங்கத் தொழிலாளரும் பகலெல்லாம் உழைத்த காசை இரவில் சண்டுப் புகையாக்கினர். அபின் கல்கத்தாவிலிருந்து கப்பலில் வந்தது. அதைக் காய்ச்சி விற்கும் உரிமையை அரசாங்கம் குத்தகைக்கு விட்டது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவற்றின் அரசாங்க வருமானத்தில் ஏறக்குறையப் பாதி, பல ஆண்டுகளில் இதிலிருந்தே கிடைத்தது. கெடாவிலும் அபின் குத்தகை நடந்தது.

இவ்வளவு பெரிய இலாபத்தை எதிர்த்து ஓர் இளம் டாக்டர் எழுந்தார். பினாங்கு அபின் எதிர்ப்புச் சங்கத்தின் தலைவரானார். 1906-ல் ஈப்போவில் அபின் எதிர்ப்பு மாநாடு கூட்டுவதில் முன்னின்றார். 1907-ல் அவருடைய மருந்தகம் சோதனையிடப்பட்டது. ஓர் அவுன்ஸ் அபின் கலந்த மருந்து அங்கு இருந்ததற்காக 100 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. அவர் தளரவில்லை.

அவ்வாண்டுகளில் மலாயாவில் ஒரு காட்டுக்கொடியின் இலை அபின் பழக்கத்தைப் போக்கும் என்ற செய்தி பரவ, ஆயிரக்கணக்கானோர் அதை நாடினர். கஷாயத்தை இரண்டு புட்டிகளில் ஊற்றி, ஒன்றில் மட்டும் அபின் கலப்பார்கள். அதில் ஒரு வேளை குடித்ததும், குறைந்த அளவை மற்றப் புட்டியிலிருந்து நிரப்புவார்கள். இலையை ஆராய்ந்தவர்கள் அதில் தனிச் சக்தி எதையும் காணவில்லை. அபினின் அளவு நாளுக்கு நாள் படிப்படியாகக் குறைந்ததே பலருக்கு உதவியிருக்க வேண்டும்.

1908-ல் டாக்டர் சீனா சென்றார். 1910-ல் மஞ்சூரியாவில் பரவிய பிளேக் நோயை அடக்கி உலகப் புகழ் எய்தினார். 1911-12-ல் ஹேக் நகரில் நடந்த சர்வதேச அபின் மாநாட்டில் சீனப் பிரதிநிதிகளில் ஒருவராக அமர்ந்தார். 1937-ல் மலாயா திரும்பி, ஈப்போவில் வைத்தியம் பார்த்தார். 1960-ம் ஆண்டு ஜனவரி 21-ந் தேதி பினாங்கில் காலமானார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலாயாவில் அபின் தடை செய்யப்பட்டதைக் கண்ட பின்னரே அவர் கண் மூடினார்.

சண்டு மறைந்தாலும், அதே இனமான ஹெராயின் வந்து சேர்ந்தது. இதற்கு மெதடோன் என்னும் மருந்தை முறையாகக் கொடுக்கும் வழியை 1960-களில் நியூயார்க் டாக்டர்கள் கண்டனர். நாள்தோறும் ஒரு முறை அருந்தினால், உடல் நடுக்கமும் வேட்கையும் அடங்கி, மனிதன் வேலைக்குப் போக முடிகிறது. மலேசிய அரசாங்கம் 2005-ல் இதைத் தொடங்கியது. நம் கெடாவில் சிலர் அபினுக்கு மாற்றாகக் குடிக்கும் கெத்தும் இலையைப் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து வருகின்றனர். ஆனால் கெத்தும் தானே பழக்கமாகிவிடக் கூடியது. அதை மருந்தென்று நம்பிக் குடிப்பது தகாது.

பிறர் அழிவில் வரும் வருமானம் எவ்வளவு பெரிதாயினும் அது நல்ல வியாபாரமாகாது என்பதை டாக்டர் வூ வாழ்ந்து காட்டினார். நம் கடைச் சிப்பந்தியோ நம் வீட்டுப் பிள்ளையோ இப்பழக்கத்தில் வீழ்ந்தால், வெளியே துரத்துவதில் பயனில்லை. அவனை நோயாளியாகக் கருதி, கையைப் பிடித்து அரசாங்க வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வதே நம் கடமை.