மாணவராய், ஆசிரியராய் அண்ணல் அம்பேத்கர்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் பெருமகனார் ஒருவரின் வாழ்க்கையை எழுதுவது என்று முடிவு செய்தபோது, அண்ணல் அம்பேத்கரைத் தவிர வேறொருவர் நம் எண்ணத்தில் எழவில்லை. ஆயினும் அவரைப் பற்றி எதை எழுதுவது என்பதில் சிறிது தயங்கினோம். ஜெகதாப்பட்டினத்துக் கடற்கரையில் மீன் கூடை சுமக்கும் இளைஞரைக் கேட்டாலும், அவர் அரசியல் சட்டத்தை உருவாக்கியவர் என்று கூறிவிடுவார். சிலைக்கு மாலையிடுகிறோம், படத்தைச் சுவரில் மாட்டுகிறோம். ஆனால் அவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை மாணவராகவும், ஆசிரியராகவும், கல்லூரிகளை நிறுவியவராகவும் கழித்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? அந்தப் பக்கத்தை மட்டுமே இங்கு எழுதுகிறோம்.

அதற்கு முன் அமெரிக்காவைப் பற்றி ஒரு செய்தியைக் கூறிவிட வேண்டும். அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கறுப்பின மக்களின் வரலாற்றையும் வாழ்வையும் ஆராய்வதற்கெனவே தனித் துறைகள் இயங்குகின்றன. அவை தாமாக வந்தவையல்ல. 1968-ஆம் ஆண்டு நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரி மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்துப் போராடத் தொடங்கினர். நான்கு மாதங்களுக்கு மேல் நீடித்த அப்போராட்டத்தின் பயனாகவே அத்தகைய முதல் துறை பிறந்தது. தம்மைப் பற்றிப் பிறர் எழுதியதைப் படித்து ஒப்பித்த மக்கள், தம்மைத் தாமே ஆராயும் உரிமையைக் கேட்டுப் பெற்றனர். நம் நாட்டில் அப்பணியை அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, துறையும் துணையும் இன்றித் தனியொரு மாணவராகத் தொடங்கியவர் அண்ணல்.

அவர் 1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள், இன்றைய மத்தியப் பிரதேசத்திலுள்ள மாவ் என்னும் படைத்தள ஊரில் பிறந்தார். பெற்றோருக்குப் பதினான்காவது குழந்தை. தந்தையார் ராம்ஜி சக்பால் இராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். படைப் பள்ளியில் ஆசிரியப் பணியும் ஆற்றியவர். சதாராவில் பள்ளிக்குச் சென்ற சிறுவன் பீமராவ், வீட்டிலிருந்து கொண்டுவந்த சாக்குத் துணியை விரித்துத் தனியே அமர வேண்டியிருந்தது. தாகம் எடுத்தால் தானே குழாயைத் தொடக் கூடாது. கடைநிலை ஊழியர் வந்து திறந்துவிட்டால்தான் நீர். அவர் வராத நாளில் நீரும் இல்லை. இந்தத் தண்ணீரை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். மீண்டும் இது வரும்.

பின்னர்க் குடும்பம் பம்பாய்க்கு வந்தது. 1907-இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் வென்றார். பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை அளிக்க, எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1912-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். மறு ஆண்டு பிப்ரவரியில் தந்தையார் மறைந்தார். குடும்பத்தைக் காக்க ஏதேனும் ஒரு வேலையில் அமர்ந்துவிடுவதுதான் அந்நிலையில் எவரும் செய்யக் கூடியது. நம் ஊரிலும் பட்டம் பெற்ற பிள்ளைகள் மேற்படிப்பை நிறுத்தும் இடம் இதுவேயாகும். அவர்களைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. அண்ணலுக்கோ அவ்வாண்டே பரோடா மன்னர் மீண்டும் கைகொடுத்தார். மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்றாண்டுக்கு உதவித்தொகை. படிப்பு முடிந்தபின் பத்தாண்டுகள் சமஸ்தானத்தில் பணியாற்ற வேண்டும் என்பது ஒப்பந்தம். 1913 ஜூலையில் அவர் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தை அடைந்தார்.

அங்கு அவரைத் தடுக்கும் சாக்குத் துணி இல்லை. நவல் பதேனா என்ற பார்சி மாணவரோடு விடுதியில் ஒரே அறையில் தங்கினார். அந்நட்பு வாழ்நாள் முழுதும் நிலைத்தது. அவர் எடுத்துக் கொண்ட பாடங்களின் எண்ணிக்கையைக் கேட்டால் நம் மாணவர்கள் வியப்பர். பொருளாதாரத்தில் மட்டும் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3, இவற்றோடு பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகள். செலிக்மன், ஜான் டூயி போன்ற பேரறிஞர்கள் ஆசிரியர்கள். மிச்சம் பிடித்த காசில் பழைய புத்தகக் கடைகளில் நூல் நூலாக வாங்கிச் சேர்த்தார். 1915-இல் எம்.ஏ. பட்டம் பெற்றார்.

பல்கலைக்கழகத்தை ஒட்டியே கறுப்பின மக்கள் திரண்டு குடியேறிக் கொண்டிருந்த ஹார்லெம் பகுதி இருந்தது. அவ்வாண்டுகளிலேதான் அம்மக்களின் அறிஞர்களும் தம் வரலாற்றைத் தாமே எழுத முனைந்தனர். ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற கார்ட்டர் வுட்சன் 1915-இல் ஓர் ஆய்வுக் கழகத்தை நிறுவி, மறு ஆண்டே வரலாற்று இதழ் ஒன்றையும் வெளியிட்டார். அவருக்கு முன்பே டூபாய்ஸ் என்னும் பேரறிஞர் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்து, தம் மாணவர்களைக் கொண்டு கறுப்பின மக்களின் தொழில், கல்வி, குடும்பம் ஆகியவற்றை ஆண்டுதோறும் ஆராய்ந்து வெளியிட்டு வந்தார்.

வுட்சனின் இதழ் தோன்றிய அதே 1916-ஆம் ஆண்டு, மே 9-ஆம் நாள், இருபத்தைந்து வயது நிரம்பிய அம்பேத்கர், பேராசிரியர் கோல்டன்வைசரின் மானிடவியல் ஆய்வு வகுப்பில் ஒரு கட்டுரை படித்தார். இந்தியாவில் சாதிகள் எவ்வாறு தோன்றின, எவ்வாறு இயங்குகின்றன, எவ்வாறு பரவின என்பதே பொருள். சாதியைப் பற்றி அதற்கு முன் எழுதியோர் பெரும்பாலும் வெள்ளை அதிகாரிகள் அல்லது உயர்சாதிப் பண்டிதர்கள். சாதியின் அடித்தட்டில் வைக்கப்பட்ட ஒருவர், பல்கலைக்கழக அவையில் நின்று, கண்ணீரோ கோபமோ காட்டாமல், மருத்துவர் நோயை ஆய்வது போல அதனை அறுத்துக் காட்டினார்.

அக்கட்டுரையின் வாதத்தை நம் இளைஞர்கள் அறிய வேண்டும் என்பதால் சற்று விரித்துக் கூறுகிறோம். சாதியின் உயிர்நாடி தீட்டன்று, தொழிலுமன்று. தன் கூட்டத்துக்குள்ளேயே மணம் செய்துகொள்ளும் கட்டுப்பாடே என்று அவர் கண்டார். ஒரு கூட்டம் தன்னைச் சுற்றி இவ்வாறு வேலியிட்டுக் கொண்டால், மண வயதுள்ள ஆண்களும் பெண்களும் அதனுள் எப்போதும் சம எண்ணிக்கையில் இருந்தாக வேண்டும். ஆனால் சாவு கணக்குப் பார்த்து வருவதில்லை. கணவன் இறந்தால் ஒரு பெண் மிகை; மனைவி இறந்தால் ஓர் ஆண் மிகை. மிகையானவர் வேலியைத் தாண்டி மணந்தால் சாதி உடையும்; உள்ளேயே மணந்தால் வேறொருவருக்குத் துணை குறையும். எனவே கணவனை இழந்தவளைச் சிதையில் ஏற்றினர். அல்லது வாழ்நாள் முழுதும் விதவையாக ஒடுக்கினர். மனைவியை இழந்தவனுக்குத் துறவைக் கற்பித்தனர். அல்லது மண வயது வராத சிறுமியைக் கட்டி வைத்தனர். உடன்கட்டை, கட்டாய விதவைக் கோலம், குழந்தை மணம் ஆகிய மூன்றும் அறத்தின் பெயரால் போற்றப்பட்டாலும், அவை அந்த வேலியைக் காக்கும் கருவிகளே என்று நிறுவினார். மனு என்ற ஒருவர் சாதியைப் படைத்தார் என்பதையும், இன வேறுபாடே சாதிக்குக் காரணம் என்பதையும் மறுத்தார். புரோகித வகுப்பு முதலில் கதவை அடைத்துக் கொண்டது. அதைப் பார்த்துப் பிறரும் அடைத்தனர். மற்றவரோ கதவு தமக்கு எதிராக அடைக்கப்பட்டிருக்கக் கண்டனர். பெண்ணை அடக்காமல் சாதியைக் காக்க இயலாது என்பதை இத்தனை தெளிவாக அதற்கு முன் எவரும் கூறியதாக நாம் அறியோம். நம் தெருக்களில் காதல் மணங்களுக்கு எதிராக அரிவாள் தூக்கப்படும் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் இக்கட்டுரை நம் நினைவுக்கு வருகிறது. மறு ஆண்டு அது ‘இந்தியன் ஆன்டிகுவரி’ என்னும் ஆய்விதழில் அச்சேறியது.

அங்கிருந்து இலண்டன் சென்றார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-இல் படிப்பை இடையில் நிறுத்தித் திரும்ப நேர்ந்தது. உலகப் போர்க் காலம்; அவருடைய நூல்களை ஏற்றி வந்த கப்பலைக் குண்டு மூழ்கடித்தது. பரோடாவில் உயர் பதவி கிடைத்தது. தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றிலிருந்து விரட்டப்பட்டு, பொதுத் தோட்டத்து மரத்தடியில் அமர்ந்து அழுதார் என்பது நாம் அனைவரும் அறிந்த வரலாறு.

1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர் ஆனார். தொடக்கத்தில் மாணவர்கள் அவரைப் பொருட்படுத்தவில்லை. சில நாள்களில் அவருடைய பாடம் கேட்க வேறு கல்லூரி மாணவர்களும் வந்து அமரத் தொடங்கினர். ஆனால் ஆசிரியர் அறையில் இருந்த தண்ணீர்ப் பானையை அவர் தொடுவதற்கு உடன் பணியாற்றிய சிலர் மறுப்புத் தெரிவித்தனர். சதாராவின் குழாய் கொலம்பியாவின் பட்டத்துக்குப் பின்னும் அவரைத் தொடர்ந்து வந்தது. படித்து முன்னேறினால் சாதி தானே நீங்கிவிடும் என்று கூறுவோர் நம்மிடையேயும் உளர். அவர்கள் இப்பானையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சம்பளத்தில் மிச்சம் பிடித்தும், கோலாப்பூர் சாகு மன்னரிடமும் நண்பர் பதேனாவிடமும் உதவி பெற்றும் 1920-இல் மீண்டும் இலண்டன் சென்று, விட்ட படிப்பைத் தொட்டார். 1923-இல் ரூபாயின் சிக்கல் பற்றிய ஆய்வுக்கு டி.எஸ்சி. பட்டம் கிடைத்தது. வழக்கறிஞர் தகுதியும் பெற்றிருந்தார். கொலம்பியாவின் முனைவர் பட்டம் 1927-இல் முறைப்படி கிடைத்தது.

இதன்பின் மகத் குளம், வட்டமேசை மாநாடு, பூனா ஒப்பந்தம் என விரியும் போராட்ட வாழ்வைப் பலரும் எழுதியுள்ளனர். நாம் அதனுள் நுழையவில்லை. நம் பொருளுக்கு வேண்டியது, அந்தப் போராட்டங்களுக்கு நடுவிலும் அவர் கற்பிப்பதை விடவில்லை என்பதே. 1925-இல் சோலாப்பூரில் நம் மாணவர்க்கென விடுதி திறக்கச் செய்தார். 1928 முதல் பம்பாய் அரசினர் சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தி, 1935-இல் அதன் முதல்வராகவும் உயர்ந்தார். தாதரில் கட்டிய ‘ராஜகிருகம்’ என்ற வீடு, தாம் வாழ்வதற்காக என்பதைவிடத் தம் நூல்கள் வாழ்வதற்காகக் கட்டியது என்றே கூறலாம்.

அமெரிக்கக் கறுப்பின மக்களை அவர் மறக்கவில்லை. அடிமை முறையையும் தீண்டாமையையும் ஒப்பிட்டு எழுதினார். உள்நாட்டுப் போருக்குப் பின் விடுதலை பெற்ற அம்மக்கள் எவ்வாறு கைவிடப்பட்டனர் என்பதை நமக்கோர் எச்சரிக்கையாகக் காட்டினார். 1946 ஜூலையில் டூபாய்ஸ் அவர்களுக்கே கடிதம் எழுதினார். கறுப்பின மக்களின் அமைப்பொன்று ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த மனுவின் படிகளைக் கேட்ட கடிதம் அது. இந்தியத் தீண்டத்தகாத மக்களும் அவ்வழியைப் பின்பற்றலாம் என்ற எண்ணமே காரணம். அம்மாத இறுதியிலேயே டூபாய்ஸ் பரிவோடு மறுமொழி விடுத்தார். இரு மக்களின் முதல்பெரும் ஆய்வறிஞர்கள் இருவரும் கடிதத்தில் கைகுலுக்கிக் கொண்ட அந்நிகழ்ச்சி போதிய அளவு பேசப்படவில்லை என்பது நம் குறை.

அதற்கு ஓராண்டு முன், 1945 ஜூலை 8-ஆம் நாள், அவர் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவியிருந்தார். 1946 ஜூனில் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி. 1950-இல், அன்று அவுரங்காபாத் எனப்பட்ட நகரில், பின்னர் மிலிந்த் எனப் பெயர் பெற்ற கல்லூரி. பௌத்தத் துறவி நாகசேனரிடம் ஐயம் மேல் ஐயமாகக் கேட்ட கிரேக்க மன்னன் மிலிந்தனின் பெயர் அது. கேள்வி கேட்பவனின் பெயரைக் கல்லூரிக்குச் சூட்டினார்! எல்லாச் சாதி மாணவர்க்கும் கதவு திறந்திருந்தது. 1952 ஜூனில் கொலம்பியா அவரை அழைத்துக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் பௌத்தம் தழுவினார். டிசம்பர் 6-ஆம் நாள் மறைந்தார்.

அவர் நட்டது அவருக்குப் பின் காய்த்தது. அமெரிக்கா சென்று பயின்று மீண்ட எம்.என்.வான்கடே மிலிந்த் கல்லூரியின் முதல்வரானார். கறுப்பின எழுத்தாளர்களைப் பற்றி மாணவர்க்கு எடுத்துரைத்து, தம் வாழ்வைத் தாமே எழுதுமாறு தூண்டினார். அங்கே ஆசிரியராக இருந்த கங்காதர் பந்தாவணே 1960-களின் இறுதியிலிருந்து ‘அஸ்மிதாதர்ஷ்’ இதழைப் பல்லாண்டு நடத்தி, மராத்தியத் தலித் இலக்கியத்துக்குக் களம் அமைத்தார். 1972-இல் பம்பாய் இளைஞர்கள் தலித் பேந்தர்ஸ் என்று இயக்கம் கண்டபோது, பெயரையே அமெரிக்கக் கறுஞ்சிறுத்தைகளிடமிருந்து பெற்றனர். மிலிந்த் இருக்கும் நகரின் மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அண்ணல் பெயரைச் சூட்டும் தீர்மானம் 1978-இல் வந்ததும் நம் மக்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. பதினாறு ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 1994-இல் அப்பெயர் ஏறியது.

கொலம்பியாவிலோ, 1993-இல் கறுப்பின ஆய்வுக்கென ஒரு நிறுவனமும், 2018-இல் அதற்கெனத் தனித் துறை அமைக்கும் ஒப்புதலும் வந்தன. அண்ணல் அங்கே சாதியைப் பற்றிக் கட்டுரை படித்து அப்போது 102 ஆண்டுகள் ஆகியிருந்தன. அக்கட்டுரை அவருடைய நூல் தொகுப்பில் தமிழிலும் வெளிவந்துள்ளது. நம் சங்கப் படிப்பகத்தில் ஒரு படி உண்டு. ஓரிரு மாலைகளில் படித்து முடித்துவிடலாம். நம் ஊரின் உப்பங்காற்றில் பக்கங்கள் சற்றுப் பழுத்துவிட்டமையால், புரட்டுவோர் மெல்லப் புரட்டுமாறு கேட்டுக் கொள்கிறோம்.