நானூறு அடிகளின் நாயகன்

இளமைப் பருவத்தைப் பற்றிய திரைப்படங்கள் எத்தனையோ உண்டு. அவற்றுள் பல, பெரியவர்கள் எட்ட நின்று கூறும் அறிவுரைகள். சிறுவனின் அருகில் நின்று பேசிய படம் என்று நான் முதலில் எண்ணுவது, 1959-இல் பிரான்சில் வெளிவந்த ‘நானூறு அடிகள்’. அடி உதையைக் குறிக்கும் பெயரன்று அது; செய்யாத குறும்பில்லை என்பதைக் குறிக்கும் பிரெஞ்சு வழக்கு. அதை ஆக்கியவரின் வரலாற்றை மன்றத் தோழர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

பிரான்சுவா த்ரூஃபோ 1932 பிப்ரவரி 6 அன்று பாரிசில் பிறந்தார். தாய்க்கு அப்போது மணமாகவில்லை. பின்னர் அவளை மணந்த ரோலன் த்ரூஃபோ, குழந்தைக்குத் தம் பெயரைத் தந்தார். ஆயினும் வளர்த்தவள் பாட்டியே. அவள் மறைந்த பிறகுதான் சிறுவன் தாயின் வீட்டுக்கு வந்தான். அங்கே அவனுக்கு இருக்க இடம் கிடைத்தது, அன்பு கிடைக்கவில்லை. தாய்க்குச் சிறு சந்தடியும் ஆகாது. ஆகவே ஓசையின்றிப் புத்தகம் படிக்கப் பழகினான். பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுச் சீட்டு வாங்காமல் படக்கொட்டகைக்குள் நுழையவும் பழகினான்.

பதினாறு வயதில் தானே ஒரு திரைப்பட மன்றம் தொடங்கினான். அதே நேரத்தில் படம் காட்டி வந்த ஆந்த்ரே பசான் என்ற விமரிசகரிடம் சென்று, நாளை மாற்றிக்கொள்ளுமாறு துணிந்து கேட்டான். நட்பு அங்கே பிறந்தது. மன்றமோ கடனில் மூழ்கியது. திருட்டும் பொய்யும் மிஞ்சவே, தந்தையே மகனைக் காவலரிடம் ஒப்படைத்தார். வில்ஜுயிப் என்னுமிடத்தில் இருந்த சிறார் காப்பகத்தில் அவன் அடைபட்டான். அவனுக்காகப் பரிந்து பேசி, வெளியே வந்ததும் வேலையும் தந்தவர் பசான். பின்னர் படையில் சேர்ந்து, அங்கிருந்தும் ஓடிச் சிறைப்பட்டபோது, மீட்டுத் தம் வீட்டிலேயே இடமளித்தவரும் அவரே.

பசானின் ‘காயே து சினிமா’ இதழில் த்ரூஃபோ எழுதிய கட்டுரைகள் பிரெஞ்சுப் படவுலகைச் சுட்டன. 1958-இல் கான் விழாவில் அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. மறு ஆண்டு அதே விழாவில் சிறந்த இயக்குநர் பரிசு பெற்றார்! ஆனால் அப்படத்தின் படப்பிடிப்பு தொடங்கிய அந்த நவம்பரிலேயே பசான் நாற்பது வயதில் மறைந்துவிட்டார். படம் அவருக்கே காணிக்கையாயிற்று.

தம் குடும்பக் கதை திரையில் ஏறியது கண்டு பெற்றோர் புண்பட்டனர். அவர்கள் துயரம் பொய்யன்று. சிறுவன் பட்ட துயரமும் பொய்யன்று. உண்மையைச் சொல்வதற்கும் ஒரு விலை உண்டு என்பதை இங்கே நான் காண்கிறேன்.

படத்தின் சிறுவன் ஷான் பியேர் லெயோ. அவனையும் த்ரூஃபோ கைவிடவில்லை. 1979 வரை மேலும் நான்கு படங்களில் அதே பாத்திரத்தை இளைஞனாக்கி, கணவனாக்கி, தந்தையாக்கி வளர்த்தார். 1970-இல் வந்த ‘காட்டுச் சிறுவன்’ படத்தில், காட்டில் கிடைத்த பிள்ளைக்குக் கல்வி தரும் மருத்துவராகத் தாமே நடித்தார். அப்படத்தை லெயோவுக்குக் காணிக்கையாக்கினார். பசானிடம் பெற்ற கடனை இப்படித் தீர்த்தார் போலும்.

1984 அக்டோபர் 21 அன்று, 52 வயதில், மூளைக் கட்டியால் த்ரூஃபோ காலமானார்.

நம்மில் பலர் நாளை ஆசிரியராவோம், பெற்றோருமாவோம். கடைசி வரிசையில் அமர்ந்து பொய் சொல்லும் சிறுவனைக் காணும்போது, அவனைக் காவலரிடம் அனுப்புவோமா, பசானைப் போல் அருகில் அமர்த்திக்கொள்வோமா? விடை நம் கையில் இருக்கிறது.