மருதநாயகம் (முகம்மது யூசுப் கான்)

மருதநாயகம் என்றும் கான் சாகிப் என்றும் அறியப்படும் முகம்மது யூசுப் கான் (இறப்பு: அக்டோபர் 15, 1764) 18ஆம் நூற்றாண்டில் தமிழகத்தில் வாழ்ந்த படைத்தலைவரும் மதுரையின் ஆளுநரும் ஆவார். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்ப் படையில் சேர்ந்து அதன் தலைமைப் பதவிக்கு உயர்ந்தார். பாளையக்காரர்களை அடக்குவதற்காகக் கம்பெனி இவரைத் தெற்கே அனுப்பியது. பின்னர் இவரே கம்பெனியையும் ஆற்காடு நவாப்பையும் எதிர்த்துப் போரிட்டு மதுரையில் தூக்கிலிடப்பட்டார்.

பிறப்பும் இளமையும்

இன்றைய சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்கள் அடங்கிய பகுதியில் உள்ள பனையூரில் 1725ஆம் ஆண்டளவில் பிறந்தார் எனக் கருதப்படுகிறது. பிறப்பால் இந்து வேளாளர் என்றும், இளம் வயதில் வீட்டை விட்டு வெளியேறி இசுலாத்தைத் தழுவினார் என்றும் மரபுச் செய்திகள் கூறுகின்றன. மருதநாயகம் என்பது அவரது இயற்பெயர் எனச் சொல்லப்படினும், கம்பெனி ஆவணங்கள் அவரை யூசுப் கான் என்றே குறிக்கின்றன. மக்கள் வழக்கில் அவர் கான் சாகிப், கான்சா என்று வழங்கப்பட்டார். மாசா என்னும் போர்த்துக்கேய வழிப் பெண்ணை மணந்தார். இவர்களுக்கு ஒரு மகன் இருந்தான்.

கம்பெனிப் படையில்

அக்காலத்தில் ஆற்காட்டு நவாப் பதவிக்காகச் சந்தா சாகிபும் முகம்மது அலியும் போட்டியிட்டனர். முன்னவருக்குப் பிரெஞ்சுக்காரரும் பின்னவருக்கு ஆங்கிலேயரும் துணை நின்றனர். போர்த்தொழில் அறிந்த எவருக்கும் வேலை கிடைத்த காலம் அது. 1752ஆம் ஆண்டளவில் யூசுப் கான் இராபர்ட் கிளைவின் கீழ்க் கம்பெனிப் படையில் சேர்ந்தார். மேசர் இசுட்ரிங்கர் லாரன்சு அவருக்கு ஐரோப்பியப் போர்முறையில் பயிற்சி அளித்தார்.

1753-54இல் நடைபெற்ற திருச்சிராப்பள்ளி முற்றுகையே அவரை அடையாளம் காட்டியது. கோட்டைக்குள் இருந்த கம்பெனிப் படைக்கு உணவுப் பொருள்கள் வந்து சேர்வதே பெரும் இடராக இருந்தது. தானிய வண்டிகளைப் பகைவர் கண்ணில் படாமல் கொண்டு வருவதிலும், எதிரிப் பாசறைகளில் இருந்து உளவுச் செய்தி பெறுவதிலும் யூசுப் கான் சிறந்து விளங்கினார். இந்த முற்றுகையின்போதே அவர் மீது பொய்ப் பழி ஒன்றும் சுமத்தப்பட்டது. லாரன்சின் துபாசியான பொன்னியப்பன் மைசூர்த் தளவாய் நஞ்சராசனுடன் இரகசியத் தொடர்பு வைத்திருந்தான். யூசுப் கான் கோட்டையைக் காட்டிக்கொடுக்க இசைந்ததாகக் காட்டும் போலிக் கடிதம் ஒன்றை அவன் ஏற்பாடு செய்தான். விசாரணையில் சூது வெளிப்பட்டு, பொன்னியப்பன் பீரங்கி வாயில் வைத்துச் சுடப்பட்டான். 1754இல் யூசுப் கான் கம்பெனியின் சிப்பாய்கள் அனைவருக்கும் தலைவராக்கப்பட்டார். அக்காலத்தில் இந்தியர் ஒருவர் அப்படையில் எட்டக்கூடிய உச்சநிலை இதுவே எனலாம்.

தெற்கே படையெடுப்பு

மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் நவாப்புக்கு வரி வந்து சேரவில்லை. 1755இல் கர்னல் அலெக்சாந்தர் எரோன் தலைமையில் சென்ற படையில் யூசுப் கானும் இடம்பெற்றார். எரோன் நெற்கட்டும்செவல் கோட்டையைப் பிடிக்க இயலாமல் திரும்பினார். அவருடைய படை வழியில் கோயில்குடிக் கோயிலின் சிலைகளைக் கவர்ந்து சென்றதால், நத்தம் கணவாயில் கள்ளர்கள் அப்படையைத் தாக்கினர். ஊழல் குற்றச்சாட்டில் எரோன் பதவி இழந்தார். அடுத்த ஆண்டு யூசுப் கான் தெற்குச் சீமைக்கு அனுப்பப்பட்டார். நவாப்பின் தமையன் மாபூசு கானின் ஆட்கள் வசமிருந்த மதுரைக் கோட்டை 1757இல் கம்பெனி வசமாயிற்று.

பாளையக்காரர்களுள் கடும் எதிர்ப்புக் காட்டியவர் நெற்கட்டும்செவல் பூலித்தேவர். 1761இல் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய கோட்டைகளை யூசுப் கான் கைப்பற்றினார். இந்தப் பனையூர் நெல்லைச் சீமையில் உள்ளது. அவர் பிறந்த ஊர் அன்று. கட்டாலங்குளம் அழகுமுத்துக்கோனும் அவருடைய வீரர்களும் யூசுப் கானின் படையால் பீரங்கி வாயில் கட்டிக் கொல்லப்பட்டனர் என்பது அப்பகுதியில் நிலைத்துள்ள வரலாறு. தமிழகம் இன்று விடுதலை வீரர்களாகப் போற்றும் பூலித்தேவருக்கும் அழகுமுத்துக்கோனுக்கும் எதிரணியில் நின்றவர் இவரே. இவரது வாழ்க்கையைச் சொல்பவர்கள் எளிதில் கடந்துவிட முடியாத பகுதி இது.

சென்னை முற்றுகை

1758 திசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைப் புனித சார்ச்சுக் கோட்டையை முற்றுகையிட்டார். தெற்கில் இருந்து வரவழைக்கப்பட்ட யூசுப் கான், செங்கல்பட்டில் நிலைகொண்டிருந்த கப்டன் பிரசுடனுடன் சேர்ந்து, முற்றுகையிட்டோரின் பின்புறத்தைத் தாக்கிக்கொண்டே இருந்தார். பிரெஞ்சுப் படைக்கு வரும் உணவும் மருந்தும் வழியிலேயே மறிக்கப்பட்டன. 1759 பெப்ரவரியில் பரங்கிமலையில் நடந்த சண்டையிலும் அவர் பங்கேற்றார். அம்மாத நடுவில் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்ததும் லாலி முற்றுகையைக் கைவிட்டார்.

மதுரை ஆளுநர்

1759இல் ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் குத்தகைக்கு மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் ஆட்சி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. சென்னை ஆளுநர் சார்ச்சு பிகாட் அவருக்கு ஆதரவாக இருந்தார். யூசுப் கான் கண்மாய்களையும் கோட்டைகளையும் செப்பனிட்டார். கொள்ளைக்கு அஞ்சி முடங்கியிருந்த வணிகம் மீண்டது. மீனாட்சியம்மன் கோயிலுக்கு நின்றுபோயிருந்த மானியங்களை மீண்டும் வழங்கினார். கோயிலில் தர்கா எழுப்ப முனைந்த பக்கிரி ஒருவரை அவர் வெளியேற்றியதாகவும் மரபு உண்டு. இசுலாமியரான அவரை மதுரையின் இந்துக்கள் நன்றியுடன் நினைத்ததற்கு இவை காரணமாயின. அவருடைய ஆட்சி கடுமையானதே. எனினும் முந்தைய பத்தாண்டுகளின் குழப்பத்தைக் கண்டவர்களுக்கு அக்கடுமை ஆறுதலாகவே இருந்தது.

கிளர்ச்சியின் காரணங்கள்

யூசுப் கான் யாருடைய பணியாளர் என்பதே பூசலின் மையம். அவருக்குப் படைப்பதவி தந்தது கம்பெனி. அவர் ஆண்ட நிலமோ சட்டப்படி நவாப் முகம்மது அலிக்கு உரியது. போர்ச் செலவுகளுக்காக நவாப் கம்பெனியிடம் பெருங்கடன் பட்டிருந்தார். அக்கடனைத் தீர்க்கத் தெற்குச் சீமைகளின் வருவாய் தேவைப்பட்டது. தனக்குக் கட்டுப்படாத ஆற்றல்மிக்க ஆளுநர் ஒருவர் மதுரையில் இருப்பதை நவாப் விரும்பவில்லை. நவாப்பிடம் தன் கடன் திரும்பி வரவேண்டும் என்று எதிர்பார்த்த கம்பெனிக்கோ, நவாப்பின் உரிமையை மறுப்பது இயலாத காரியமாயிற்று.

1761இல் யூசுப் கான் மேலும் நான்கு ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 7 இலட்சம் ரூபாய் தர முன்வந்தும் அவரது வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. இனி அவர் நவாப்பின் ஊழியராகவே கருதப்படுவார், வரிப்பணமும் நவாப் வழியாகவே செலுத்தப்பட வேண்டும் என்ற நிலைப்பாட்டைக் கம்பெனி மேற்கொண்டது. கம்பெனிக்காகப் பத்து ஆண்டுகள் போரிட்டவர், தன்னை வெறுத்த ஒருவரின் கையில் ஒப்படைக்கப்பட்டார். அவர் படையைப் பெருக்கிக்கொண்டு வருகிறார் என்ற செய்தி சென்னைக்கு எட்டியது. சிவகங்கையுடனான எல்லைப் பூசல் அவருக்கு எதிரான புகார்களைக் கூட்டியது. அவரைச் சென்னைக்கு அழைத்துவர முயற்சி நடந்தது. அவர் செல்லவில்லை. திருச்சியில் பொய்க் கடிதத்தால் உயிரிழக்க நேர்ந்திருக்கக்கூடிய ஒருவர் அவ்வழைப்பை நம்பாததில் வியப்பில்லை.

1763 தொடக்கத்தில் யூசுப் கான் வெளிப்படையாகக் கிளர்ந்தெழுந்து, மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். காலம் அவருக்குச் சாதகமாக இல்லை. புதுச்சேரி 1761இலேயே வீழ்ந்துவிட்டது. 1763 பெப்ரவரியில் கையெழுத்தான பாரிசு உடன்படிக்கை இங்கிலாந்து-பிரான்சுப் போரை முடித்துவைத்ததோடு, முகம்மது அலியைக் கர்நாடகத்தின் முறையான நவாப் என்றும் ஏற்றது. எந்த அரசின் கொடியை அவர் ஏற்றினாரோ, அந்த அரசே அவருடைய பகைவரை ஆட்சியாளராக ஒப்புக்கொண்டிருந்தது. அவருக்குக் கிடைத்தவர்கள் மர்சான் என்பவரின் தலைமையில் இருந்த, வேலையிழந்த பிரெஞ்சு வீரர்களே.

மதுரை முற்றுகை

1763 செப்டம்பரில் கர்னல் மான்சன் தலைமையில் கம்பெனிப் படையும் நவாப்பின் படையும் மதுரையை முற்றுகையிட்டன. நாயக்கர் காலத்தில் 72 கொத்தளங்களுடன் கட்டப்பட்ட கோட்டையை யூசுப் கான் மேலும் வலுப்படுத்தி வைத்திருந்தார். வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொள்ள, முற்றுகையிட்டோர் பெரும் இழப்புடன் நவம்பரில் பின்வாங்கினர். அம்மாதமே பிகாட் சென்னையை விட்டு நீங்கினார். ஆளுநர் பதவி இராபர்ட் பாக்குக்குச் சென்றது. யூசுப் கானுக்குச் சென்னையில் இருந்த ஆதரவு இத்துடன் மறைந்தது.

1764இல் மேசர் சார்லசு காம்பெல் பொறுப்பேற்றார். பம்பாயில் இருந்தும் துணைப்படை வந்தது. சூன் 26 அன்று கோட்டை மதில் மீது நடத்தப்பட்ட பெருந்தாக்குதலை யூசுப் கான் முறியடித்தார். சென்னை முற்றுகையில் அவருடன் தோளோடு தோள் நின்ற பிரசுடன், இப்போது எதிரணியில் இருந்து போரிட்டுக் காயமுற்று இறந்தார். அதன்பின் காம்பெல் தாக்குவதை விடுத்து வழிகளை அடைத்தார். உணவு குறைந்தது. வீரர்கள் கோட்டையை விட்டு நழுவத் தொடங்கினர். திருச்சியில் தானிய வண்டிகளால் கோட்டையைக் காத்தவர், மதுரையில் தானியம் இன்றித் தோற்றார்.

இறப்பு

அக்டோபரில் கோட்டைக்குள்ளேயே சதி உருவாயிற்று. திவான் சீனிவாச ராவ், மருத்துவர் பாபா சாகிப், மர்சான் ஆகியோர் அதில் சேர்ந்தனர். யூசுப் கான் தொழுகையில் இருந்தபோது அவரைப் பிடித்து, அவரது தலைப்பாகைத் துணியாலேயே கட்டினர் எனக் கூறப்படுகிறது. ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்ட அவர் நவாப்பின் கைக்கு மாற்றப்பட்டார். 1764 அக்டோபர் 15 அன்று, மதுரைக்கு மேற்கே திண்டுக்கல் சாலையில் உள்ள சம்மட்டிபுரத்தில் தூக்கிலிடப்பட்டார். போர்க்கைதி ஒருவரை அவருடைய தனிப் பகைவரிடம் ஒப்படைத்ததைப் பிற்கால ஆங்கிலேய எழுத்தாளர்களாலும் நியாயப்படுத்த முடியவில்லை.

இரண்டு முறை கயிறு அறுந்து மூன்றாம் முறையே உயிர் பிரிந்தது என்பது மக்களிடையே வழங்கும் கதை. அவரது உடல் துண்டிக்கப்பட்டு, தலை திருச்சிக்கும் பிற உறுப்புகள் வெவ்வேறு ஊர்களுக்கும் அனுப்பப்பட்டன. எஞ்சிய உடல் சம்மட்டிபுரத்திலேயே புதைக்கப்பட்டது. அவ்விடத்தில் 1808இல் எழுப்பப்பட்ட சிறு பள்ளிவாசல் கான் சாகிப் பள்ளிவாசல் எனப்படுகிறது. மதுரைக் கான்பாளையமும் கான்சாபுரம் என்னும் ஊர்ப்பெயரும் அவரது நினைவைத் தாங்கியுள்ளன.

வரலாற்றாளர் பார்வை

எசு. சி. இல் 1914இல் வெளியிட்ட ஆங்கில நூல், கம்பெனி ஆவணங்களைத் தொகுத்து யூசுப் கானின் வரலாற்றை விரிவாக எழுதியது. அந்நூல் அவரைக் கிளர்ச்சி செய்த தளபதியாகவே காண்கிறது. தமிழில் கான்சாகிபு சண்டை என்னும் கதைப்பாடல் நெடுங்காலம் வாய்மொழியாக வழங்கியது. நா. வானமாமலை அதைப் பதிப்பித்தார். மதுரைப் பல்கலைக்கழகம் 1972இல் வெளியிட்டது. கட்டபொம்மனுக்கு 35 ஆண்டுகளுக்கு முன்பே கம்பெனியை எதிர்த்து உயிர்நீத்தவர் என்பதால் அவரை விடுதலைப் போரின் முன்னோடியாகக் கொள்வோர் உண்டு. தனி அரசு நிறுவ விரும்பிய படைத்தலைவர் மட்டுமே என்போரும் உண்டு. 1761 வரையிலான அவரது செயல்கள் இரண்டாம் கருத்துக்கு வலுவூட்டுகின்றன. சரணடைய மறுத்து ஓராண்டுக்கு மேல் மதுரையைக் காத்த செயலை ஆசை என்ற ஒற்றைச் சொல்லால் விளக்கிவிடவும் முடியாது.

திரைப்படம்

கமல்ஹாசன் இவரது வாழ்க்கையை மருதநாயகம் என்ற பெயரில் திரைப்படமாக்க முனைந்தார். எழுத்தாளர் சுஜாதா திரைக்கதையில் பங்கேற்றார். 1997 அக்டோபர் 16 அன்று சென்னை எம்.ஜி.ஆர். திரைப்பட நகரில் நடந்த தொடக்க விழாவில் இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத்தும் முதலமைச்சர் மு. கருணாநிதியும் கலந்துகொண்டனர். யூசுப் கான் தூக்கிலிடப்பட்ட நாளுக்கு மறுநாள் அது. 233 ஆண்டுகள் கடந்திருந்தன. அவரைப் பிடிக்கப் படை அனுப்பிய கம்பெனி எந்த முடியின் பட்டயத்தால் இயங்கியதோ, அம்முடியின் வழித்தோன்றலே விழாவின் விருந்தினராக வந்தார். சில காட்சிகள் படமாக்கப்பட்ட பின், செலவுக்கான முதலீடு கிடைக்காமல் படப்பிடிப்பு நின்றுபோயிற்று.