70 ரூபாய்க்கு ரேடியோ! கோவை விஞ்ஞானி ஜி.டி. நாயுடுவின் கதை

கோவைப் பக்கத்து ஜனங்கள் பழனிக்குப் போவதென்றால் ஒரு காலத்தில் போத்தனூரில் ரயில் மாற வேண்டும். பெரிய ரயிலை விட்டு இறங்கி, பொள்ளாச்சிக்குப் போகும் சின்ன ரயிலில் ஏறுவார்கள். அந்தப் பாதை 1915-ல் போடப்பட்டது. ஆனால் அது பொள்ளாச்சியோடு நின்றுவிட்டது. அங்கிருந்து பழனி சுமார் 40 மைல். காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தவர்கள் உண்டு. மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போனவர்களும் உண்டு.

1920-ல் அந்தச் சாலையில் ஒரு மோட்டார் பஸ் ஓடத் தொடங்கியது. பஸ்ஸின் சொந்தக்காரருக்கு வயது 27. அவரேதான் டிரைவர்.

அந்த டிரைவர்தான் பிற்காலத்தில் 70 ரூபாய்க்கு ரேடியோ செய்து தர முடியும் என்று சொல்லி எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தார். அவர் பெயர் துரைசாமி. உலகம் அவரை ஜி.டி. நாயுடு என்று அறியும்.

மணல் வீசிய மாணவன்

கோவைக்குக் கிழக்கே சூலூருக்குப் பக்கத்தில் கலங்கல் என்று ஒரு கிராமம். அங்கே 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி துரைசாமி பிறந்தார். தந்தை கோபால்சாமி நாயுடு ஒரு விவசாயி. குழந்தைப் பருவத்திலேயே துரைசாமி தாயை இழந்துவிட்டார்.

பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. வாத்தியார் முகத்தில் மணலை வாரி வீசிவிட்டு ஓடிவிட்டார் என்று சொல்வார்கள். பள்ளிப் படிப்பு அத்தோடு முடிந்தது. ஆனால் தமிழ்ப் புத்தகங்கள் மீது ஆசை இருந்தது. கையில் கிடைத்ததையெல்லாம் தோட்டத்தில் உட்கார்ந்து படித்தார்.

ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடு இல்லாமல், குதிரை இல்லாமல் ஒரு வண்டி ஓடுவதைத் துரைசாமி அன்றுதான் பார்த்தார். அது ரட்ஜ் என்ற கம்பெனியின் வண்டி. அன்றிலிருந்து அதே நினைப்பு. எப்படியாவது அப்படி ஒரு வண்டி வாங்க வேண்டும்!

வாங்கப் பணம்? ஊரை விட்டுக் கோவைக்கு வந்தார். ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார். காபியும் பலகாரமும் பரிமாறி, கிடைத்த காசைச் செலவழிக்காமல் சேர்த்தார். மூன்று ஆண்டு கழித்து மோட்டார் சைக்கிள் அவர் கைக்கு வந்தது.

மற்றவர்களாயிருந்தால் ஏறிச் சவாரி செய்திருப்பார்கள். துரைசாமி அதை அக்கு அக்காகக் கழற்றிப் போட்டார். ஒவ்வொரு உறுப்பும் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தார். பிறகு மறுபடியும் பூட்டினார். வண்டி ஓடியது. அவர் எந்தக் கல்லூரியிலும் படித்ததில்லை. இதுதான் அவர் படித்த படிப்பு.

பருத்தியில் போன பணம்

அதன் பிறகு திருப்பூரில் பருத்தி வியாபாரம். முதல் உலகப் போர்க் காலம் அது. பணம் கொட்டியது. துணிந்து பம்பாய்க்குப் போய்ப் பெரிய வியாபாரிகளோடு மோதினார். வந்த பணமெல்லாம் போய்விட்டது. வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

அப்போது கை கொடுத்தவர் ஸ்டேன்ஸ் துரை. கோவையில் மில்லும் காபித் தொழிலும் நடத்திய ஆங்கிலேயர். அவர் கொடுத்த கடனும் ஆதரவும் சேர்ந்துதான் பொள்ளாச்சி-பழனி பஸ் பிறந்தது.

அந்த ஒரு பஸ் பலவாகப் பெருகியது. யு.எம்.எஸ். என்று கம்பெனிக்குப் பெயர். 1928-ல் பொள்ளாச்சியிலிருந்து பழனி வழியாகத் திண்டுக்கல்லுக்கு ரயில் வந்துவிட்டது. ரயில் வந்தால் பஸ் படுத்துவிடும் என்றுதானே நினைப்போம்? நாயுடுவின் பஸ்கள் மேலும் பெருகின. 1933-ல் 280 பஸ்கள் ஓடின! அவருடைய பஸ் நேரம் தவறாது என்று பெயர் எடுத்தது. கொங்கு நாட்டு விவசாயி சூரியனைப் பார்த்து மணி சொல்வதை விட்டுவிட்டு, யு.எம்.எஸ். பஸ்ஸைப் பார்த்து மணி சொன்ன காலம் அது.

இயந்திரப் பித்து

கையில் பணம் வந்ததும் நாயுடு வெளிநாடுகளுக்குப் புறப்பட்டார். உல்லாசப் பயணம் அல்ல. ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் தொழிற்சாலை தொழிற்சாலையாக ஏறி இறங்கினார். 1936-ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலம் நடந்தபோது, தம் காமிராவினால் அதைப் படம் பிடித்தார்.

உலர்ந்த பாட்டரியில் ஓடும் சவரக் கத்தி ஒன்றைச் செய்தார். ரசாந்த் என்று அதற்குப் பெயர். மிக மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, மோசடி செய்ய முடியாத ஓட்டுப் பதிவு இயந்திரம் என்று அவர் செய்தவை பல.

1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து மின்சார மோட்டார் செய்தார். இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்சார மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். பைக்காரா மின்சாரம் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கிணற்றில் கவலை இறைத்துக்கொண்டிருந்த கோவை ஜில்லா விவசாயிக்கு மோட்டார் எவ்வளவு பெரிய காரியம் என்பதை, அந்தக் காலத்தில் மாட்டின் வாலைப் பிடித்து நடந்தவர்களைக் கேட்டால்தான் தெரிந்திருக்கும்.

பணக்காரர் வீட்டுப் பெட்டி

இனி ரேடியோவுக்கு வருவோம்.

சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16-ந் தேதி தொடங்கியது. அடுத்த ஆண்டு, 1939 மே 16-ந் தேதி, திருச்சி நிலையம் வந்தது. தமிழில் பாட்டு, பேச்சு, நாடகம், செய்தி எல்லாம் காற்றில் வரத் தொடங்கின. காற்றில் வந்தால் போதுமா? பிடித்துக் கேட்க வீட்டில் பெட்டி வேண்டுமே!

பெட்டிகள் இங்கிலாந்திலிருந்தும் ஹாலந்திலிருந்தும் கப்பலில் வந்தன. கொச்சித் துறைமுகத்தில் இறங்கிய சரக்கானால், போத்தனூர் ஜங்ஷனைக் கடந்துதான் கோவைக்கு வர வேண்டும். ஒரு நல்ல பெட்டியின் விலை சில நூறு ரூபாய். அந்தப் பணத்தைச் சேர்க்க ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியர் பல மாதம் பட்டினி கிடக்க வேண்டும். இது போக, ரேடியோ வைத்திருக்க வருஷா வருஷம் சர்க்காருக்குப் பணம் கட்டி லைசென்ஸ் எடுக்க வேண்டும்.

ஆகவே 1939-ம் ஆண்டு முடிவில் இந்தியா முழுவதிலும் இருந்த ரேடியோ லைசென்ஸ்கள் ஒரு லட்சத்துக்கும் குறைவு. அன்றைய ஜனத்தொகையோ 38 கோடிக்கு மேல்! ஒரு பெரிய ஊரில் நாலைந்து வீடுகளில்தான் ரேடியோ இருக்கும். பிள்ளைகள் அந்த வீட்டுத் திண்ணை ஓரமாக நின்று கேட்பார்கள். வீட்டுக்காரர் முகம் சுளித்தால் நகர்ந்து போவார்கள்.

இந்த நிலையில்தான், 1941-ல், நாயுடு ஓர் அறிவிப்புச் செய்தார். ஐந்து வால்வு ரேடியோவை இந்தியாவிலேயே செய்யலாம். ஒன்றின் விலை 70 ரூபாய்தான் ஆகும்!

ஐந்து வால்வின் வேலை

ஐந்து வால்வு என்றால் என்ன? வால்வு என்பது மின்சார பல்ப் போன்ற ஒரு கண்ணாடிக் குமிழ். உள்ளே காற்று இருக்காது. டிரான்சிஸ்டர் வருவதற்கு முன் ரேடியோவின் உயிரே வால்வில்தான் இருந்தது. ஸ்விட்சைப் போட்டதும் ரேடியோ பேசாது. வால்வு சூடேறிச் செந்நிறமாக ஒளிர வேண்டும். அதற்குள் அரை நிமிஷம் ஆகிவிடும். அதன் பிறகுதான் குரல் வரும்.

முதல் வால்வு, ஏரியல் கம்பியில் வந்து மோதும் பல அலைகளில் நமக்கு வேண்டிய நிலையத்தின் அலையை வாங்கி, ஒரே அளவான அலையாக மாற்றும். இரண்டாவது வால்வு அந்த அலையைப் பெரிதாக்கும். மூன்றாவது வால்வின் வேலைதான் அழகானது. அரிசியையும் உமியையும் முறம் பிரிப்பதுபோல, அலையிலிருந்து பாட்டையும் பேச்சையும் பிரித்தெடுக்கும். நாலாவது வால்வு அதற்குப் பலம் கொடுத்து ஒலிபெருக்கிக்கு அனுப்பும். ஐந்தாவது வால்வுக்குப் பாட்டோடு சம்பந்தமே இல்லை. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை மற்ற நான்கு வால்வுகளுக்கும் ஏற்றபடி மாற்றிக் கொடுப்பது மட்டுமே அதன் வேலை.

ஐந்தும் ஒழுங்காக இருந்தால் தூரத்து நிலையமும் தெளிவாகக் கேட்கும். அதாவது நாயுடு சொன்னது விளையாட்டுச் சாமான் அல்ல. சீமையிலிருந்து வந்த பெட்டி செய்யும் அதே வேலையைச் செய்யும் பெட்டி!

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மின்சாரம் இல்லாத கிராமத்துக்கு இப்படிப்பட்ட ரேடியோவால் பயன் இல்லை. அந்த நாளில் பெரும்பாலான கிராமங்களில் மின்சாரம் இல்லை. ஆனாலும் கோவையைப் போன்ற மில் ஊர்களில், தொழிலாளி வீட்டிலும் குமாஸ்தா வீட்டிலும் ரேடியோ பாடியிருக்கும்.

பாடவில்லை. அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. கப்பல்களில் படைச் சாமான்களுக்கே முதல் இடம். வால்வு செய்யும் தொழிற்சாலை அன்று இந்தியாவில் இல்லை. ஒவ்வொரு வால்வும் கடல் கடந்து வர வேண்டும். போர் முடிந்த பிறகும் 70 ரூபாய் ரேடியோ ஊர் ஊராகப் பரவவில்லை. சாமானிய ஜனங்களின் கைக்கு ரேடியோ வந்தது, 1960-களில் டிரான்சிஸ்டர் மலிந்த பிறகுதான்.

நாலு வருஷம் எதற்கு?

1944-ல் நாயுடு தொழிலிலிருந்து விலகினார். தம் பணத்தைக் கல்விக்கும் தர்மத்துக்கும் கொடுக்கத் தொடங்கினார். 1945-ல் கோவையில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி பிறந்தது. அன்றைய சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப்பின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. பள்ளியை விட்டு ஓடிய துரைசாமியே அதன் பிரின்சிபால்!

அங்கேயும் ஒரு சண்டை. என்ஜினீயரிங் படிப்புக்கு நாலு ஆண்டு என்பது வீண் என்று நாயுடு கருதினார். இரண்டு ஆண்டே போதும், மீதி நாளில் பையன்கள் பட்டறையில் கற்றுக்கொள்ளட்டும் என்பது அவர் கட்சி. மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் படித்தவர் வேறு எப்படிச் சொல்வார்? சர்க்கார் ஒப்புக்கொள்ளவில்லை. நாயுடு பதவியை விட்டு விலகிவிட்டார்.

இதில் யார் பக்கம் நியாயம் என்று எளிதில் சொல்லிவிட முடியாது. எல்லோரும் ஜி.டி. நாயுடு ஆகிவிட மாட்டார்கள். பாலம் கட்டுகிறவனுக்குக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் நாலு ஆண்டு படித்துவிட்டு ஒரு நட்டைக் கழற்றத் தெரியாமல் நிற்கும் பட்டதாரியைப் பார்க்கும்போது, நாயுடு கோபப்பட்டதில் தப்பில்லை என்றும் தோன்றும்.

சுத்தியல் விழுந்தது

சுதந்திரம் வந்த பிறகாவது கதவு திறக்கும் என்று நாயுடு எதிர்பார்த்தார். 1952-ல் இரண்டு பேர் உட்காரும் சிறிய கார் ஒன்றை 2,000 ரூபாய்க்குச் செய்யலாம் என்று காட்டினார். சர்க்கார் லைசென்ஸ் கொடுக்கவில்லை. கார் நின்றுவிட்டது. இன்னொரு பக்கம் வருமான வரித் தொல்லை. உழைத்துச் சேர்ப்பதையெல்லாம் வரியே விழுங்குகிறது என்று மனம் கசந்தார்.

1950-களில் ஒரு நாள் அந்தக் கசப்பு வெடித்தது. ஜனங்களைக் கூட்டி வைத்து, தாம் பாடுபட்டு உருவாக்கிய சாமான்களை எல்லோர் கண்ணுக்கு முன்னாலும் உடைத்தார். ரேடியோக்களும் அவற்றில் சேர்ந்திருந்தன. திண்ணை ஓரமாக நின்று கேட்ட பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய பெட்டிகள் துண்டு துண்டாய்ச் சிதறின.

வரியை எதிர்க்க இது ஒரு வழி என்று நாயுடு நினைத்தார். அவருடைய நெருங்கிய நண்பரான பெரியார் ஈ.வெ.ரா. அப்படி நினைக்கவில்லை. ஜனங்களுக்குப் பயன்பட வேண்டியதை உடைப்பதா என்று கண்டித்தார். நண்பர் கண்டித்தார் என்பதற்காக நாயுடு அவரைப் பகைக்கவில்லை. கண்டித்தவரும் நட்பை விடவில்லை.

கோவைக்கு வந்த குரல்

பிற்காலத்தில் நாயுடுவின் கவனம் தோட்டத்தின் பக்கம் சென்றது. ஆள் உயரத்துக்கு மேல் வளரும் பருத்தி, அதிகம் காய்க்கும் பப்பாளி என்று செடிகளிலும் சோதனை செய்தார். அவினாசி ரோட்டில் தாம் செய்தவற்றையும் சேர்த்தவற்றையும் கண்காட்சியாக வைத்தார். இளைஞர்கள் வந்து பார்த்துத் தொட்டுக் கற்க வேண்டும் என்பது அவர் விருப்பம்.

1966 டிசம்பரில் கோவைக்கென்று தனி வானொலி நிலையம் வந்தது. திருச்சியையே நம்பியிருந்த கொங்கு நாட்டுக்குச் சொந்தக் குரல் கிடைத்தது. விவசாயிகள் டிரான்சிஸ்டரை வரப்பில் வைத்துக்கொண்டு உரம், விதை, மழை பற்றிக் கேட்டார்கள். அப்போது நாயுடுவுக்கு 73 வயது. அதற்குப் பிறகு ஏழு ஆண்டு வாழ்ந்தார். 1974 ஜனவரி 4-ந் தேதி காலமானார்.

அவினாசி ரோட்டின் மேல் இப்போது 10 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாலம் ஒன்று போகிறது. 2025 அக்டோபரில் திறந்தபோது, அதற்கு ஜி.டி. நாயுடு பெயரை வைத்தார்கள். பாலத்துக்குக் கீழே பீளமேட்டில் ஒரு பஸ் ஸ்டாப் உண்டு. ஆர்தர் ஹோப் கல்லூரி தடாகம் ரோட்டுக்குப் போய், அரசு தொழில்நுட்பக் கல்லூரி என்று பெயரும் மாறிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் அந்த ஸ்டாப்புக்கு இன்றும் ஹோப் காலேஜ் என்றுதான் பெயர்.